மிஸ்ஸி அக்கா பதில்கள்: அப்பாவுக்கு ஒரு வைத்தியம், மாமியாருக்கு வேற வைத்தியமா?

போன மாசம் காய்ச்சல் பத்தி எழுதுனப்ப, கோவிட் நேரத்துல வார்டுல இருந்தேன்னு ஒரே ஒரு வரி சொன்னேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் இன்னும் நிக்கல. சுங்கை சிப்புட்ல காலையில பசியாறப் போனாக்கூட யாராவது பக்கத்துல வந்து உக்காந்து, மிஸ்ஸி எங்க வீட்டுல இப்படி ஆச்சே அது ஏன்னு கேக்குறாங்க. மெடிக்கல் வார்டுல நர்சா 31 வருஷம், அதுல கடைசி ரெண்டரை வருஷம் முழுக்க கோவிட், 2022 கடைசியில பென்ஷன் வாங்குனேன். அதனால இந்த மாசம் வேற கேள்வியே எடுக்கல.

2020 ஏப்ரல்ல எங்கப்பாவுக்கு கோவிட். மலேரியா மாத்திரை குடுத்தாங்க, ரெண்டாவது நாளே மயக்க ஊசி போட்டு மூச்சு விட வைக்கிற மெஷின்ல வச்சுட்டாங்க, 19ஆவது நாள் போயிட்டார். 2021 ஆகஸ்ட்ல மாமியாருக்கு வந்துச்சு. அந்த மாத்திரையே குடுக்கல, மெஷினும் வைக்கல, மூக்குல ஒரு பெரிய டியூப் வச்சு காத்து, தினம் ஒரு ஊசி, 11 நாள்ல வீட்டுக்கு வந்துட்டாங்க. ஒரே வியாதிக்கு எப்படி ரெண்டு வைத்தியம்? எங்கப்பாவை தப்பான மருந்து குடுத்து சாகடிச்சுட்டாங்களா அக்கா? ஆம்புலன்சுக்கு போன் பண்ணது நான்தான்.
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

தங்கச்சி, உங்க கடைசி வரியை நாலு தடவை படிச்சேன். நீங்க போன் பண்ணது சரி. மூச்சு முட்டுற அப்பாவை வீட்டுல வச்சிருந்தா அந்த 19 நாள் கூட கிடைச்சிருக்காது.

இப்ப மருந்துக்கு வர்றேன். 2020 மார்ச் ஏப்ரல்ல இந்த வைரசுக்குன்னு ஒரு மருந்து உலகத்துலயே கிடையாது. மலேரியா மருந்து, அதான் ஹைட்ராக்சிகுளோரோகுயின், லேப்ல கண்ணாடிக் குழாய்க்குள்ள வைரசை அடக்குதுன்னு தகவல் வந்துச்சு, நமக்கெல்லாம் பல வருஷமா பழக்கப்பட்ட மருந்து, கையில வேற எதுவும் இல்ல, அதனால நம்ம நாட்டுலயும் குடுத்தாங்க, அமெரிக்காவுல குடுத்தாங்க, இந்தியாவுல குடுத்தாங்க, இன்னும் பல நாட்டுல குடுத்தாங்க. பலன் இருக்கா இல்லையான்னு ஆயிரக்கணக்கான நோயாளிங்களை சீட்டுக் குலுக்கின மாதிரி ரெண்டா பிரிச்சுப் பாத்தாதான் தெரியும். இங்கிலாந்துல ரெகவரின்னு ஒரு பெரிய ஆராய்ச்சி அதைச் செஞ்சுச்சு. 2020 ஜூன்ல முடிவு வந்துச்சு, பின்னால வந்த முழுக் கணக்குப்படி மருந்து குடுத்தவங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தவங்க 27 சதவீதம், குடுக்காதவங்கள்ல 25 சதவீதம். அதாவது அது காப்பாத்தல. அந்த முடிவு வர்றதுக்கு முன்னாடியே உங்கப்பா போயிட்டார்.

அதே ஜூன் மாசம் 16ஆந் தேதி அதே ஆராய்ச்சியிலேருந்து இன்னொரு சேதி வந்துச்சு, உங்க மாமியாருக்கு தினம் போட்டாங்களே அந்த ஊசி, அனேகமா அது டெக்சாமெத்தாசோன். வீங்குனதுக்கும் ஆஸ்துமாவுக்கும் அறுபது வருஷமா இருக்குற மருந்து, விலை ரொம்பக் கம்மி. மெஷின்ல இருந்தவங்கள்ல இந்த மருந்து இல்லாம 41 சதவீதம் பேர் இறந்தாங்க, மருந்தோட 29 சதவீதம். இவ்ளோ சுலபமான மருந்தை முதல்லயே ஏன் போடலன்னு கேப்பீங்க. இது ஸ்டீராய்டு, உடம்போட எதிர்ப்பு சக்தியை அடக்கும். சார்ஸ், ஃப்ளூ மாதிரி பழைய வியாதியில ஸ்டீராய்டு போட்டா வைரஸ் உடம்புல ரொம்ப நாள் தங்குதுன்னு பயம் இருந்துச்சு, அதனால உலக சுகாதார நிறுவனமே 2020 ஜனவரியில வழக்கமா போடாதீங்கன்னுதான் சொல்லி இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, இந்த வியாதியில முதல் வாரம் வைரஸ் அடிக்குது, ரெண்டாவது வாரம் நம்ம உடம்போட சொந்தக் கோபமே நுரையீரலை அடிக்குது, அந்தக் கோபத்தை அடக்கத்தான் ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு அதைப் போட்டா பிரயோஜனம் இல்ல, கெடுதல் கூட வரலாம். எந்த நாள்ல போடுறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

மெஷின் விஷயமும் அப்படித்தான். மூக்கு வழியா வேகமா காத்து குடுத்தா வைரஸ் அறை முழுக்கப் பறந்து நர்ஸ், டாக்டர் எல்லாருக்கும் ஒட்டிக்கும், சட்டுன்னு தொண்டைக்குள்ள டியூபைப் போட்டு மூடிட்டா பாதுகாப்புன்னு ஆரம்பத்துல நெனச்சாங்க. கொஞ்ச நாள் ஆகவும் அனுபவம் வந்துச்சு, பி.பி.இ., அதான் எங்க பாதுகாப்பு உடுப்பு, போதுமான அளவுக்கு வந்துச்சு, நிமிஷத்துக்கு 50, 60 லிட்டர் மூக்கு வழியா குடுத்தே நிறைய பேரை மெஷினுக்குப் போகாம தாண்ட வைக்க முடியும்னு தெரிஞ்சுது.

உங்கப்பா ஃபைலை நான் பாக்கல, அதனால அவர் 2021ல வந்திருந்தா பொழைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொல்ல முடியும், அவரைப் பாத்த டாக்டருங்க அன்னிக்கு மனுசனுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் செஞ்சிருக்காங்க. எங்க வார்டுல அந்த ஜூன் மாச முடிவைப் படிச்சுட்டு ஒரு இளம் டாக்டர் ஸ்டோர் ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டார். மார்ச்லேருந்து போனவங்க பேரை எல்லாம் அந்தப் பிள்ளை மனசுல எண்ணிக்கிட்டு இருந்துச்சு.

எனக்கு இனிப்பு நீர் இருக்கு, மாத்திரையில நல்லாதான் கன்ட்ரோல் பண்ணி வச்சிருந்தேன், 7, 8தான் காட்டும். கோவிட்ல அட்மிட் ஆனப்ப 22 வரைக்கும் ஏறி இன்சுலின் போட்டாங்க. ஆஸ்பத்திரி சாப்பாட்டுலதானே அவ்ளோ சீனி?
— வாசகர், பகாவ்

ஐயா, சாப்பாட்டைத் திட்டாதீங்க. மேல சொன்னேனே அந்த டெக்சாமெத்தாசோன், 6 மில்லிகிராம் பத்து நாள் வரைக்கும் போடுவாங்க, அது ரத்தத்துல சீனியை ஏத்தும், நல்லா இருக்குறவங்களுக்கே ஏறும். அதுக்கு மேல காய்ச்சலும் சேர்ந்து ஏத்தும். அதனாலதான் உங்களுக்கு விரல்ல குத்திக் குத்திப் பாத்தாங்க, இன்சுலின் போட்டாங்க, அது சரியான கவனிப்புதான். நம்ம நாட்டுல 2019 கணக்குப்படி பெரியவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு இந்த வியாதி, அதுல இந்தியருங்கதான் முன்னால நிக்கிறோம், அதனால எங்க வார்டுல நம்ம ஆளுங்க படுக்கைக்கெல்லாம் இன்சுலின் பம்ப் தனியா வரிசையா நிக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாசம் ஒழுங்கா செக் பண்ணுங்க. அந்த இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க, கிளினிக்ல காட்டிட்டுதான் நிறுத்தணும்.

என் புருசனை ஐ.சி.யூ.ல கவுத்துப் போட்டு வச்சிருந்தாங்க. வீடியோ கால்ல முகம் கூட தெரியல. அவர் எந்திரிச்சு வந்த பிறகு முகமெல்லாம் வீங்கி நெத்தியில புண்ணு. ஏன் அப்படி செஞ்சாங்க?
— வாசகி, கோல சிலாங்கூர்

அதுதான்மா அவரை எந்திரிக்க வச்சுது. நம்ம நுரையீரல்ல பெரிய பங்கு முதுகுப் பக்கம் இருக்கு. மல்லாக்கப் படுத்தா இதயம், வயிறு எல்லா பாரமும் அதுமேல அழுத்தும், நீரும் அங்கதான் தேங்கும், காத்து போகாது. கவுத்துட்டா அந்தப் பக்கம் திறக்கும். இது கோவிட்டுக்காக கண்டுபிடிச்சது இல்ல, 2013லயே ஃபிரான்சுலயும் ஸ்பெயின்லயும் 466 நோயாளிங்களை வச்சு நிரூபிச்சிருக்காங்க, நாளைக்கு 16 மணி நேரத்துக்கு மேல கவுத்து வச்சவங்கள்ல இறப்பு பாதியா குறைஞ்சுது. முன்னாடி எங்க ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் செஞ்சிருப்போம், 2021ல ஒரு ஷிப்டுல நாலு பேரைத் திருப்புவோம்.

எப்படி திருப்புவோம்னு சொல்றேன், அப்பதான் அந்தப் புண்ணு உங்களுக்குப் புரியும். அஞ்சாறு பேர் வேணும். தலைமாட்டுல மயக்க மருந்து டாக்டர் ரெண்டு கையாலயும் டியூபைப் பிடிச்சிருப்பார், அது நழுவுனா நிமிஷத்துல ஆள் போயிடும். கண்ணுல களிம்பு போட்டு டேப் ஒட்டுவோம். நெஞ்சுல இருக்குற ஒயரை எல்லாம் எடுத்து முதுகுல ஒட்டத் தயாரா வச்சிருப்போம். கீழ ஒரு பெட்ஷீட் மேல ஒரு பெட்ஷீட், ரெண்டையும் ஓரமா சுருட்டி ஆளை நடுவுல கொழுக்கட்டை மாதிரி இறுக்கிடுவோம். அப்புறம் டாக்டர் மலாய்ல ஒண்ணு, ரெண்டு, மூணு, "சத்து, டுவா, தீகா"ன்னு எண்ணுவார், தீகாவுக்கு எல்லாரும் ஒரே இழுப்பு. பிறகு ஒரு கை மேல ஒரு கை கீழ, நீச்சல் அடிக்கிற மாதிரி வச்சு, நெத்திக்கும் கன்னத்துக்கும் அடியில ஜெல் தலையணை வைப்போம், ரெண்டு மணிக்கு ஒரு தடவை தலையை மறுபக்கம் திருப்புவோம். அவ்ளோ பாத்தும் 16 மணி நேரம் எலும்பு மேல பாரம் இருந்தா தோல் உரியும். பி.பி.இ.க்குள்ள வேர்வையில நனைஞ்சு கண்ணாடியில ஆவி பிடிச்சு நின்ன பிள்ளைங்க செஞ்ச வேலை அது. அந்தப் புண்ணுக்காக உங்ககிட்ட நான் வருத்தம் சொல்றேன். அவர் வந்துட்டாரே, அதுக்கு சந்தோசமும் சொல்றேன்.

பிறகு மெஷின் இல்லாத, முழிச்சிருக்குற நோயாளிங்களையும் கவுந்து படுக்கச் சொன்னோம், அதுலயும் பலன் இருந்துச்சு. தொப்பை உள்ள ஐயாமாருங்க படுக்க முடியாம படுற பாடு பெரிய பாடு, அவங்களுக்கு தலையணையைக் கட்டிப்பிடிச்சு ஒருக்களிச்சாவது படுங்கன்னு கெஞ்சுவோம்.

எங்க பக்கத்து வீட்டுல ஐவர்மெக்டின் வாங்கி குடும்பமே சாப்பிட்டாங்க, ஒண்ணும் ஆகல. அது நல்ல மருந்தா?
— தம்பி ஒருத்தர், தெலுக் இந்தான்

ஆடு மாட்டுக்கு பூச்சிக்கு குடுக்குற மருந்து, மனுசனுக்கும் வேற சில புழு வியாதிக்கு டாக்டர் குடுப்பாங்க, நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு அந்த பாட்டில் பழக்கம். கோவிட்டுக்கு அது வேலை செய்யுதான்னு வெளிநாட்டைத் தேடவே வேணாம் தம்பி, நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிங்கள்லயே செஞ்சு பாத்துட்டாங்க. 50 வயசுக்கு மேல, வேற நோயும் உள்ள 490 பேர். மருந்து குடுத்தவங்கள்ல 21.6 சதவீதம் பேருக்கு வியாதி முத்துச்சு, குடுக்காதவங்கள்ல 17.3 சதவீதம். பலன் இல்லைன்னு 2022ல வெளியிட்டாங்க. பக்கத்து வீட்டுல ஒண்ணும் ஆகலன்னா அது மருந்தால இல்ல, பெரும்பாலானவங்களுக்கு தானா சரியாகுற வியாதி இது. எங்க வார்டுக்கு இந்த மருந்தை அளவு தெரியாம குடிச்சுட்டு வாந்தியும் மயக்கமுமா வந்தவங்களை நான் பாத்திருக்கேன்.

முதல்ல எல்லாரையும் 14 நாள் ஆஸ்பத்திரியில அடைச்சாங்க, அப்புறம் வீட்டுலயே இருங்கன்னாங்க, அப்புறம் 10 நாள், அப்புறம் 7 நாள். தினம் ஒரு ரூல். மேல இருக்குறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுதானே அர்த்தம்?
— ஓய்வு பெற்ற மண்டோர், போர்ட்டிக்சன்

ஐயா, உங்க ஊர்ப் பக்கத்துலயே இதுக்கு பதில் இருக்கு. 1998, 99ல புக்கிட் பெலாண்டோக்ல பன்றிப் பண்ணை ஆளுங்களுக்கு காய்ச்சல் வந்து மயங்கி மயங்கி விழுந்தாங்களே, ஞாபகம் இருக்கும். முதல்ல அது கொசுவால வர்ற மூளைக்காய்ச்சல்னு நெனச்சு கொசு மருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க. ஊசி போட்டவங்களும் விழுந்தாங்க, பன்றியைத் தொட்டவங்கதான் விழுந்தாங்க, கணக்கு ஒத்து வரல. 1999 மார்ச்ல மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் அது புது வைரஸ்னு கண்டுபிடிச்சார், அதான் நிப்பா. அதுக்குப் பிறகு கொசுவை விட்டுட்டு பத்து லட்சம் பன்றிங்களை அழிச்சாங்க, நோய் நின்னுச்சு. 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தாங்க. கொசு மருந்தே போதும்னு பிடிவாதமா இருந்திருந்தா இன்னும் எத்தனை பேரோ.

கோவிட்ல ரூல் மாறுனதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, தெரிஞ்சுக்கிட்டது. ஆரம்பத்துல மூக்குல குச்சி விட்டு ரெண்டு தடவை நெகட்டிவ் வந்தாதான் வீட்டுக்கு, அதனால நல்லா சாப்பிட்டு நடமாடுற ஆளுங்க மூணு வாரம், நாலு வாரம் வார்டுல கெடந்தாங்க. அப்புறம் பாத்தா செத்துப்போன வைரசோட துணுக்கைத்தான் அந்த டெஸ்ட் பிடிக்குது, பத்து நாள் ஆனா பெரும்பாலானவங்க யாருக்கும் பரப்ப மாட்டாங்க. அதுலேருந்து நாள் கணக்கு வந்துச்சு. ரெண்டாவது காரணம் இடம் இல்ல, இதை நான் மறைக்க மாட்டேன். 2020 ஏப்ரல்ல நாடு முழுக்க நாளைக்கு நூறு, இருநூறு கேஸ். 2021 ஆகஸ்ட் 26ல 24,599. எல்லாரையும் எங்க படுக்க வைக்கிறது? அதனால அஞ்சு வகையா பிரிச்சாங்க, அறிகுறி இல்லாதது ஒண்ணு, லேசானது ரெண்டு, நுரையீரல்ல சளி கட்டுனது மூணு, ஆக்சிஜன் வேணும்னா நாலு, மெஷின் வேணும்னா அஞ்சு. ஒண்ணும் ரெண்டும் வீட்டுல. நியாயமான ஏற்பாடுதான், ஆனா லயத்து வீட்டுல ஒரே ரூமுல ஆறு பேர் இருக்குறவங்களுக்கு தனியா இருங்கன்னா எங்க இருக்குறது, அதை யோசிச்சு ஏற்பாடு செஞ்சது பத்தல, அந்த வருஷம் வீட்டுலயே இறந்து வந்தவங்க எண்ணிக்கை ஏறுனது எனக்கு இன்னும் ஆறல.

எங்கம்மா 2021 ஜூலையில வார்டுல தனியா இறந்துட்டாங்க. ரெண்டு நாளா போன் அடிச்சு அடிச்சுப் பாத்தோம், யாரும் எடுக்கல, மூணாவது நாள் இறந்துட்டாங்கன்னு சொன்னாங்க. பையில கட்டி நேரா சுடுகாட்டுக்கு, நாலு பேர்தான் தூரத்துல நின்னோம். வாய்க்கரிசி போடல. இப்ப என்னடான்னா கோவிட் நோயாளி பக்கத்துலயே சொந்தக்காரங்க முகக்கவசம் போட்டு உக்காந்திருக்காங்க. அப்ப ஏன் எங்களை விடல?
— மகள், கிள்ளான்

இந்தக் கேள்விக்கு நான் ஆஸ்பத்திரிக்காரியா வக்காலத்து வாங்க மாட்டேன்.

2020ல விடாததுக்கு காரணம் இருந்துச்சு. எங்களுக்கே உடுப்பு பத்தாது, வீட்டுல தையல் மெஷின் வச்சிருக்குற பொம்பளைங்க தச்சுக் குடுத்த கவுனைத்தான் போட்டோம், தடுப்பூசி இல்ல, உள்ள வர்றவங்க நோயோட வெளிய போய் வீட்டுல இருக்குற பெரியவங்களுக்குக் குடுப்பாங்கன்னு பயம். உடம்பிலேருந்து நோய் எவ்ளோ பரவும்னும் தெரியாது, அதனால பைக்குள்ள பை. ஆனா 2021 ஜூலையில எங்களுக்கு ஊசி போட்டாச்சு, உடுப்பும் இருந்துச்சு. சாகப்போறாங்கன்னு தெரிஞ்ச ஒரு அம்மா பக்கத்துல ஒரே ஒரு பிள்ளையை, எங்களை மாதிரியே உடுப்பு போட்டு, பத்து நிமிஷம் விட்டிருக்கலாம். சில வார்டுல விட்டாங்க. பல வார்டுல விடல. அது தப்புன்னு நான் அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

போன் எடுக்காதது ஏன்னா, அந்த ஜூலையில ஒரு நர்சு பாக்க வேண்டிய ஆளைப் போல ரெண்டு மூணு மடங்கு, உள்ள போனா நாலு மணி நேரம் உடுப்பைக் கழட்ட முடியாது, கவுன்டர்ல போன் அடிக்கிறது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்கும், ஓடிவந்து எடுக்க முடியாது. இது காரணம்தான், உங்களுக்கு ஆறுதல் இல்ல, எனக்குத் தெரியும்.

உங்கம்மா எந்த வார்டுன்னு எனக்குத் தெரியாது, எங்க வார்டுல நடந்ததை மட்டும் சொல்றேன். உடுப்பு போட்டா யாரு யாருன்னு தெரியாதுன்னு முதுகுல பேர் எழுதுவோம். நான் நெஞ்சுல மார்க்கர்ல தமிழ்ல "நான் தமிழ் பேசுவேன்"னு எழுதிக்குவேன். தோட்டத்துலேருந்து வந்த ஒரு பாட்டிக்கு மலாயும் வராது, மூணு நாளா யாரோடயும் பேசாம இருந்தாங்க, இதைப் படிச்சதும் என் கையைப் பிடிச்சவங்க விடல. அவங்க மகன் கேட்ல கோயில் திருநீறை ஒரு சின்ன பொட்டலத்துல மடிச்சுக் குடுத்துட்டுப் போயிருந்தாரு. ரெண்டு கையுறை போட்ட விரலால தொட்டு நெத்தியில பூசுனேன், கையுறையில திருநீறு ஒட்டாது, பாதி தலையணையில கொட்டிடுச்சு, பாட்டி அந்தக் கொட்டுனதையும் விரலால எடுத்து நெத்தியில வச்சுக்கிட்டாங்க. ஹேண்ட்போனை பிளாஸ்டிக் பையில போட்டு மகனுக்கு வீடியோ கால் பண்ணிக் காட்டுனேன். மறுநாள் விடிகாலை போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேர் பக்கத்துல இருந்தோம்.

சடங்கு செய்ய முடியலன்னு நிறைய பேர் எழுதுறீங்க. எங்க ஊர் பூசாரி ஐயா ஒருத்தர் திதி அன்னிக்கு வாய்க்கரிசியையும் சேர்த்தே செய்ய வைக்கிறார், பிள்ளைங்க கையால. நீங்க விரும்புனா உங்க ஊர்ல கேட்டுப் பாருங்கம்மா.

கோவிட் நேரத்துல வாங்குன, விரல்ல மாட்டி ஆக்சிஜன் அளவு பாக்குற மெஷின் இன்னும் வீட்டுல இருக்கு. தாத்தாவுக்கு நெஞ்சு சளி அடிக்கடி வருது, அதை நம்பலாமா?
— வாசகி, கூலிம்

வச்சுக்குங்க, நல்ல பொருள். முதல்ல பேட்டரியை மாத்துங்க, பழசு உள்ள ஊறிப் போயிருக்கும். தாத்தா கை சில்லுன்னு இருந்தா தேய்ச்சு சூடு பண்ணிட்டு மாட்டுங்க, நீங்க மாட்டுனா நகப்பாலிஷும் மருதாணியும் இல்லாத விரல்ல மாட்டுங்க, நம்பர் ஒரு நிமிஷம் ஆடாம நின்ன பிறகு படிங்க. உக்காந்திருக்கும்போது 96 காட்டி, கக்கூஸ் வரைக்கும் நடந்துட்டு வந்ததும் 92க்கு இறங்குற ஆளுங்களை நாங்க நிறைய பாத்தோம், பேச்சு நல்லா இருக்கும், மூச்சு வாங்குறதே தெரியாது, அவங்கதான் திடீர்னு விழுவாங்க. அதனால நடக்க வச்சும் ஒரு தடவை பாருங்க, மூணு புள்ளி இறங்குனா கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணு, இதை கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. இந்த மெஷின் தோல் வழியா வெளிச்சத்தை விட்டுத்தான் அளக்குது, கறுப்பா இருக்குறவங்களுக்கு உள்ள இருக்குறதை விட கொஞ்சம் கூடுதலா காட்டலாம்னு 2020 டிசம்பர்ல அமெரிக்க டாக்டருங்க கண்டுபிடிச்சு எழுதுனாங்க. நம்ம தாத்தா வெயில்ல பால் மரம் வெட்டுன உடம்பு. அவருக்கு 94 காட்டுதுன்னா பரவால்லன்னு உக்காந்திருக்காதீங்க, அன்னிக்கே காட்டிடுங்க.